தசைத் தளர்வைக் கண்காணிக்க எலக்ட்ரோடுகளை எங்கே, எப்படி ஒட்டுவது?

மயக்கவியல் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஒருவரின் கேள்வி இது. தசைத் தளர்வு மருந்து எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்க்க நரம்புக்குச் சிறு மின்துடிப்புகள் கொடுக்கும் கருவிதான் நரம்புத் தூண்டி. அதன் இரண்டு எலக்ட்ரோடுகளையும் மணிக்கட்டில் சரியாக எந்த இடத்தில் ஒட்ட வேண்டும்? கறுப்பு எந்தப் பக்கம், சிவப்பு எந்தப் பக்கம்? கைகள் துணிக்குள் போய்விடும் ஆபரேஷன்களில் முகத்தில் ஒட்டினால் அதே பலன் கிடைக்குமா? கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: "முகத்தில் ஒட்டியிருந்தேன். முழு அளவு ரோக்குரோனியம் போட்டு ஐந்து நிமிடம் ஆன பிறகும் நான்கு துடிப்பும் பளிச்சென்று வந்தது. மருந்து வேலை செய்யவில்லையா?"

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. ரோக்குரோனியம் என்ற தசைத் தளர்வு மருந்து அநேகமாக நன்றாகவே வேலை செய்திருக்கும். உங்கள் எலக்ட்ரோடு நரம்பைத் தூண்டாமல் நேராகத் தசையைத் தூண்டியிருக்கிறது.

தசைத் தளர்வு மருந்துகள் நரம்பையும் ஒன்றும் செய்வதில்லை, தசை நாரையும் ஒன்றும் செய்வதில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில், தசைப் பக்கம் இருக்கும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் உட்கார்ந்துகொண்டு வழியை மறிக்கின்றன. ஆகவே மருந்து எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நாம் கொடுக்கும் மின்துடிப்பு நரம்பு வழியாகப் போய், அந்தச் சந்திப்பைக் கடந்து, தசையை அடைய வேண்டும். மின்னோட்டத்தை நேரே தசைக்குள் விட்டால் சந்திப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறோம். முன்வாசல் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வந்தவர் கொல்லைப்புறமாக உள்ளே நுழைந்துவிட்டு "கதவு திறந்துதான் இருக்கிறது" என்று சொல்வது போன்றது அது. நோயாளி முழுக்கத் தளர்ந்திருப்பார்; ஆனால் கருவி வரிசையாகக் கொடுக்கும் நான்கு துடிப்புகளுக்கும் தசை பதில் சொன்னதாக, நான்குக்கு நான்கு என்று திரை காட்டும். அதை நம்பி இன்னொரு டோஸ் போடுபவர்களும் உண்டு. அதைவிட மோசம், ஆபரேஷன் முடிவில் "நான்கும் வந்துவிட்டது" என்று மூச்சுக்குழாயில் போட்ட டியூபை எடுத்துவிடுவது.

எலக்ட்ரோடு ஒட்டுவது பத்து விநாடி வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அது காட்டும் எண்ணுக்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது அந்தப் பத்து விநாடிதான்.

சரி, மணிக்கட்டுக்கு வருவோம். நமக்கு வேண்டியது அல்னார் நரம்பு. நாம் பார்க்க வேண்டிய தசை கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுக்கும் அடக்டர் பாலிசிஸ். இந்தச் சேர்க்கை தற்செயலாக வந்ததில்லை. தசை இருப்பது கையின் கட்டைவிரல் பக்கம், நரம்பைத் தூண்டுவது சுண்டுவிரல் பக்கம். இடையில் நல்ல தூரம் இருப்பதால் மின்னோட்டம் நேரே அந்தத் தசைக்குத் தாவ வாய்ப்பு மிகக் குறைவு. அதோடு, உதரவிதானமும் குரல்வளைத் தசைகளும் மருந்திலிருந்து முன்னதாகவே மீண்டுவிடும்; அடக்டர் பாலிசிஸ் பின்தங்கித்தான் மீளும். கடைசியாக மீளும் தசைகளில் ஒன்று மீண்டுவிட்டது என்றால் மூச்சுத் தசைகளைப் பற்றி நிம்மதியாக இருக்கலாம். பாதுகாப்பு என்று பார்த்தால் இதைவிட நல்ல இடம் உடம்பில் இல்லை என்பதே என் கருத்து. 2023-இல் வெளிவந்த அமெரிக்க, ஐரோப்பிய மயக்கவியல் வழிகாட்டுதல்கள் இரண்டும் இந்தத் தசையில் எண்ணளவில் அளக்கும் கண்காணிப்பைத்தான் பரிந்துரைக்கின்றன.

இடத்தைக் கண்டுபிடிக்க நோயாளி விழித்திருக்கும்போதே ஒரு நிமிடம் செலவிடுங்கள். உள்ளங்கையை மேல்நோக்கி வைக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டைச் சற்று மடக்கி, சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொல்லி, உங்கள் கையால் லேசாக எதிர்ப்புக் கொடுங்கள். சுண்டுவிரல் பக்க ஓரத்தில் ஒரு கயிறு விறைத்து எழும். அதுதான் ஃபிளெக்சர் கார்பை அல்னாரிஸ் தசைநாண். அதைப் பிடித்துக்கொண்டே கீழே வந்தால் உள்ளங்கை தொடங்கும் இடத்தில் பட்டாணி போன்ற சிறிய எலும்பு தட்டுப்படும். இப்போது அந்த நாணின் கட்டைவிரல் பக்க ஓரத்தில் விரலை வையுங்கள். கொஞ்சம் அழுத்தினால் அல்னார் தமனியின் துடிப்பு கிடைக்கலாம்; எல்லோருக்கும் கிடைக்காது. நாணுக்கும் தமனிக்கும் நடுவில் ஓடுவதுதான் நரம்பு. இந்த ஒழுங்கு மனதில் இருந்தால் போதும்: ஓரத்தில் நாண், அடுத்து நரம்பு, அடுத்து தமனி.

மணிக்கட்டில் இருக்கும் மடிப்புக் கோடுகளில் முழங்கைப் பக்கம் இருக்கும் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு நாணின் கட்டைவிரல் பக்க ஓரத்தைத் தொடும் புள்ளியிலிருந்து ஒரு செ.மீ. மேலே, அதாவது முழங்கை நோக்கி, முதல் எலக்ட்ரோடின் நடுப்பகுதி வர வேண்டும். இது கறுப்பு, எதிர்மின்முனை. அங்கிருந்து நரம்பின் பாதையிலேயே இன்னும் மூன்று செ.மீ. மேலே இரண்டாவது எலக்ட்ரோடின் நடுப்பகுதி. இது சிவப்பு, நேர்மின்முனை. இரண்டும் நாணுக்கு இணையாக ஒரே கோட்டில் இருக்க வேண்டும். குறுக்காக ஒட்டினால் ஒன்று நரம்பின் மேலும் மற்றொன்று மணிக்கட்டின் நடுவில் மீடியன் நரம்பின் மேலும் உட்கார்ந்துவிடும்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு, எலக்ட்ரோடை உள்ளங்கையை நோக்கி இறக்கி, மடிப்புக் கோட்டின் மேலேயோ அதைத் தாண்டியோ ஒட்டுவது. அங்கே சுண்டுவிரலின் அடிமேட்டுத் தசைகள் தொடங்கிவிடுகின்றன. மின்துடிப்பு நேரே அவற்றைத் தூண்டும், சுண்டுவிரல் துள்ளும், பார்ப்பவர் "கை அசைகிறது" என்று எழுதிவைப்பார். எந்த விரல் அசைகிறது என்பதுதான் முக்கியம். சுண்டுவிரல் அசைவைக் கணக்கில் எடுக்காதீர்கள். கட்டைவிரல் உள்நோக்கி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். கையால் தொட்டு உணர்வதானால் மற்ற நான்கு விரல்களையும் பிடித்து நிறுத்திக்கொண்டு, கட்டைவிரலை லேசாக வெளிப்பக்கம் விரித்துப் பிடித்து, அதன் உள்ளிழுப்பை உணருங்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு தவறு உண்டு. எலக்ட்ரோடுகள் நழுவி முன்கையின் நடுவுக்குப் போய்விட்டால் விரல்களை மடக்கும் தசைகள் நேரடியாகத் தூண்டப்பட்டு கை மொத்தமாக மடங்கும். முழங்கை மடிப்புக்குப் பின்னால், நரம்பு தோலுக்கு மிக அருகில் வரும் பள்ளத்தில் தூண்டலாமே என்று சிலர் கேட்பார்கள். தூண்டலாம், ஆனால் அங்கே தூண்டும்போது மணிக்கட்டை மடக்கும் தசையும் விரல்களை மடக்கும் தசையின் ஒரு பாதியும் சேர்ந்து சுருங்கும். கை மொத்தமும் குலுங்கும்போது கட்டைவிரலின் தனி அசைவைப் பிரித்தறிவது சிரமம்.

கறுப்பு ஏன் கை நுனிப் பக்கம்? நரம்பை விழிக்கச் செய்வது எதிர்மின்முனைதான். அதன் கீழே நரம்பின் சவ்வு எளிதில் தூண்டலுக்கு உள்ளாகிறது. நேர்மின்முனையின் கீழே அதற்கு நேர்மாறாக, சவ்வு இன்னும் அடங்கிப்போகிறது. எதிர்மின்முனையைத் தசைக்கு அருகில் வைத்தால் கிளம்பும் துடிப்பு தடையில்லாமல் தசை நோக்கிப் போகும். மாற்றி ஒட்டினால் துடிப்பு நேர்மின்முனையின் கீழ்ப் பகுதியைக் கடந்து வர வேண்டியிருக்கும். பதில் சற்றுக் குறையலாம், அதிக மின்னோட்டம் தேவைப்படலாம். இரண்டும் நரம்பின் மேலேயே சரியாக இருந்து, மின்னோட்டமும் போதுமானதாக இருந்தால், நிறம் மாறியதால் பெரிய வித்தியாசம் வராது. ஆகவே ஆபரேஷன் நடுவில் வயர் மாறியிருப்பதைப் பார்த்தால் பதற வேண்டாம், மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான். இடம் தவறினால் வரும் கேட்டோடு ஒப்பிட்டால் நிறம் தவறினால் வருவது சிறியது.

தோலைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய்ப் பிசுக்கும் இறந்த செல்களின் அடுக்கும் மின்னோட்டத்துக்குப் பெரிய தடை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முழுதாகக் காயவிட்டு, பிறகு ஒட்டுங்கள். முடி அதிகமாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கத்தரித்துவிடுங்கள். தோல் தடிப்பாக இருப்பவர்களுக்குச் சொரசொரப்பான துணியால் இரண்டு மூன்று முறை மெதுவாகத் தேய்ப்பது உதவும். சிவக்கும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது. உறை பிரித்து நாளாகிக் காய்ந்துபோன இசிஜி எலக்ட்ரோடுகளை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். ஜெல் ஈரமாக இருக்கிறதா என்று ஒட்டும் முன்பே பாருங்கள். ஜெல் தோலைத் தொடும் வட்டம் சிறியதாக, ஏழு முதல் பதினொரு மி.மீ. விட்டத்துக்குள் இருப்பது நல்லது. பரப்பு பெரிதானால் மின்னோட்டம் பரவி, நரம்பின் மேல் விழும் அடர்த்தி குறைந்துவிடும். பெரிய எலக்ட்ரோடுதான் கையில் இருக்கிறது என்றால் சுற்றியுள்ள ஒட்டும் பட்டையை வெட்டிக் குறைக்கலாம், ஆனால் நடுவில் உள்ள ஜெல்லைத் தொடாதீர்கள். இரண்டின் ஜெல்லும் கசிந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் மின்னோட்டம் தோலுக்குள் இறங்காமல் மேலோடு மேலாகவே ஓடிவிடும். வியர்வையும், ஆபரேஷனுக்கு முன் தோலில் பூசும் கிருமிநாசினி வழிந்து வருவதும் இதே வேலையைச் செய்யும். குழந்தைகளுக்கு இந்தச் சிக்கல் அதிகம். மணிக்கட்டே நீளம் குறைவு, எனவே குழந்தைகளுக்கான சிறிய எலக்ட்ரோடு இருந்தால்தான் இரண்டையும் தொடாமல் ஒட்ட முடியும்.

எவ்வளவு மின்னோட்டம்? ஒரு நரம்புக்குள் ஆயிரக்கணக்கான இழைகள். மின்னோட்டம் குறைவாக இருந்தால் சில இழைகள் மட்டும் விழிக்கும். எலக்ட்ரோடு சற்று நகர்ந்தாலோ தோல் குளிர்ந்தாலோ விழிக்கும் இழைகளின் எண்ணிக்கை மாறும், அதை மருந்தின் விளைவு என்று தவறாகப் படித்துவிடுவோம். அதனால்தான் எல்லா இழைகளும் விழிக்கும் அளவுக்கு மேல் போகிறோம். மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பதில் மேலும் பெரிதாகாமல் நின்றுவிடும். அதற்கு மேல் 10 முதல் 20 சதவீதம் கூட்டி வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு மணிக்கட்டில் இது பெரும்பாலும் 40 முதல் 60 மில்லி ஆம்பியருக்குள் அமையும். துடிப்பின் நீளம் 0.2 மில்லி விநாடி. 0.3-க்கு மேல் நீட்டினால் தசையை நேரடியாகத் தூண்டும் வாய்ப்பு கூடும், ஒரே துடிப்புக்கு நரம்பு இரண்டு முறை பதில் சொல்லும் வாய்ப்பும் உண்டு.

உடல் பருமன் உள்ளவர்களிடமும் கை வீங்கியவர்களிடமும் நரம்பு ஆழத்தில் இருப்பதால் 60-ம் போதாமல் போகலாம். பதில் வரவில்லை என்றதும் நேரே 80-க்குத் திருப்பும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. முதலில் எலக்ட்ரோடின் மேல் விரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பதில் வந்தால் இடம் சரி, தொடர்புதான் போதவில்லை என்று அர்த்தம். அழுத்தியும் வரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். இடம் தவறாக இருக்கும்போது மின்னோட்டத்தைக் கூட்டினால் அது பக்கத்துத் தசைகளுக்கும் மீடியன் நரம்புக்கும்தான் பரவும். மீடியன் நரம்பு தூண்டப்பட்டால் கட்டைவிரல் வேறு கோணத்தில், உள்ளங்கையிலிருந்து மேலெழுந்து மற்ற விரல்களுக்கு எதிராகத் திரும்பும். அதுவும் நரம்பு வழியாக வந்த பதில்தான் என்பதால் முற்றிலும் பயனற்றது இல்லை. ஆனால் கட்டைவிரலில் ஒட்டியிருக்கும் உணரி எந்தத் திசைக்கு வைக்கப்பட்டதோ அந்தத் திசையில் அசைவு இருக்காது, எண் தடுமாறும்.

இப்போது நேரடித் தசைத் தூண்டலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். நாம் வழக்கமாகக் கொடுப்பது டிஓஎஃப் (டிரெயின் ஆஃப் ஃபோர்): அரை விநாடிக்கு ஒன்றாக நான்கு துடிப்புகள். 1970-இல் அலி, அட்டிங், கிரே ஆகியோர் அறிமுகப்படுத்திய முறை. ரோக்குரோனியம், வெக்குரோனியம், அட்ராக்யூரியம் போன்ற தளர்வு மருந்துகள் பாதி பிடித்த நிலையில் இந்த நான்கும் ஒரே உயரத்தில் வராது. முதலாவது பெரிதாக, நான்காவது சிறிதாக, தேய்ந்துகொண்டே போகும். நான்காவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பதுதான் டிஓஎஃப் விகிதம். தசை நேரடியாகத் தூண்டப்படும்போது இந்தத் தேய்வு இருக்காது. நான்கும் அச்சடித்தாற்போல் ஒரே அளவில் இருக்கும். மருந்து போட்டு நேரம் ஆக ஆகவும் அப்படியே இருக்கும். எனவே முழு டோஸ் போன பிறகும் தேய்வே இல்லாத நான்கு துடிப்புகளைப் பார்த்தால் மருந்தைச் சந்தேகிப்பதற்கு முன் எலக்ட்ரோடைச் சந்தேகியுங்கள். மருந்து சிரைக்குள்தான் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அது தனி விஷயம். சக்சினைல்கோலின் என்ற தளர்வு மருந்து மட்டும் விதிவிலக்கு: வழக்கமான அளவில் அது நான்கையும் ஒரே மாதிரி சுருக்கும், தேய்வு காட்டாது.

கேட்டவருக்கு நடந்தது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அவர் ஒட்டியது முகத்தில். நெற்றிப்பொட்டிலும் கண்ணின் வெளி ஓரத்திலும் எலக்ட்ரோடு ஒட்டுவது பரவலான பழக்கம். தலைமாட்டில் நிற்கும் நமக்குக் கைக்கு எட்டும் இடம் அது. ஆனால் அங்கே எலக்ட்ரோடின் கீழேயே, தோலுக்குச் சற்று உள்ளே, நாம் பார்க்க நினைக்கும் தசை கிடக்கிறது. 50 மில்லி ஆம்பியரைத் திறந்துவிட்டால் அது நேரே தசையைத்தான் உலுக்கும். மணிக்கட்டில் நமக்குப் பாதுகாப்பாக இருந்த அந்தத் தூரம் முகத்தில் இல்லவே இல்லை.

முகத்தில்தான் ஒட்ட வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், முகநரம்பு வெளிவரும் இடத்துக்கு அருகில் போங்கள். எதிர்மின்முனையைக் காதின் முன்பக்கம், காது மடலின் கீழ்நுனிக்குச் சற்று முன்னே ஒட்டுங்கள். மின்னோட்டத்தை 20 முதல் 30 மில்லி ஆம்பியருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தசையைப் பார்க்கிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். கண்ணைச் சுற்றி வளையமாக இருந்து இமையை மூடும் ஆர்பிகுலாரிஸ் ஓக்குலை ஒன்று; புருவத்தின் உள்முனையை நடுவுக்கு இழுத்துச் சுருக்கும் கோருகேட்டர் சூப்பர்சிலியை மற்றொன்று. புருவத்தைச் சுருக்கும் தசை ஏறத்தாழ குரல்வளைத் தசைகளைப் போல நடந்துகொள்கிறது: மருந்துக்கு எளிதில் மசியாது, சீக்கிரம் மீண்டுவிடும். ஆபரேஷன் நடுவில் உதரவிதானம் அசைந்துவிடக் கூடாது என்று ஆழமான தளர்வு வேண்டும்போது, டியூப் போடும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்கும்போது, இது பயனுள்ள தகவல். நடைமுறையில் வெறும் கண்ணால் பார்க்கும்போது இரண்டு தசைகளின் அசைவும் கலந்துதான் தெரியும்.

ஆனால் மயக்கம் தெளியும் நேரத்தில் முகத்தை நம்பாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். புருவம் நான்கு முறை துடிக்கும்போது கட்டைவிரல் ஒன்றிரண்டில் நின்றுகொண்டிருக்கலாம். முகத்தில் பார்த்து மருந்தை முறித்த நோயாளிகள் மிச்சத் தளர்வோடு ரெக்கவரி அறைக்குப் போகும் வாய்ப்பு, கட்டைவிரலில் பார்த்தவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேலே சொன்ன அமெரிக்க வழிகாட்டுதல் கண் தசைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. ஆபரேஷன் முழுவதும் முகத்தில் பார்த்திருந்தாலும், துணிகளை விலக்கியதும் கையை வெளியே எடுத்து எலக்ட்ரோடை மணிக்கட்டுக்கு மாற்றி, அதற்குப் பிறகே முறிமருந்தின் அளவை முடிவு செய்யுங்கள். சுகமாடெக்ஸ் என்ற முறிமருந்தின் அளவுகள் எல்லாமே கட்டைவிரலை வைத்து வகுக்கப்பட்டவை: இரண்டாவது துடிப்பு தெரிந்தால் கிலோவுக்கு 2 மி.கி., டெட்டனிக் தூண்டலுக்கு (சில விநாடிகள் மிக வேகமாகத் தொடர்ந்து கொடுக்கும் தூண்டல்) பிறகு ஒன்றிரண்டு துடிப்பு மட்டும் தெரியும் ஆழத்தில் 4 மி.கி. புருவத்தில் இரண்டு துடிப்பைப் பார்த்துவிட்டு 2 மி.கி. போட்டால் அது போதாமல் போகலாம். நியோஸ்டிக்மைன் என்ற மற்றொரு முறிமருந்து விஷயத்தில் இன்னும் ஆபத்து, ஏனென்றால் ஆழமான தளர்வில் அது எடுபடவே எடுபடாது.

கைகள் இரண்டும் உடம்போடு சேர்த்துத் துணியில் சுற்றப்பட்டிருந்தால் முகத்துக்குப் போவதற்கு முன் காலை நினைத்துப் பாருங்கள். கணுக்காலின் உட்புற எலும்புப் புடைப்புக்குப் பின்னால், தமனித் துடிப்புக்குச் சற்றுப் பின்னே, பின்பக்க டிபியல் நரம்பு போகிறது. கறுப்பை அங்கே ஒட்டி, சிவப்பை இரண்டு மூன்று செ.மீ. மேலே ஒட்டினால் காலின் பெருவிரல் கீழ்நோக்கி மடங்கும். கட்டைவிரலோடு முழுக்கப் பொருந்தாவிட்டாலும் முகத்தைவிட இது எவ்வளவோ நம்பத் தகுந்தது.

எலக்ட்ரோடு என்றால் தூண்டும் இரண்டு மட்டும்தானா என்றால், இஎம்ஜி வகைக் கருவியில் இல்லை. அங்கே தசையின் மின் பதிலைப் பிடிக்கவும் எலக்ட்ரோடுகள் உண்டு. ஒன்று தசையின் வயிற்றுப் பகுதிக்கு மேல், இன்னொன்று தசைநாண் சேரும் பக்கம் அல்லது விரலில், மூன்றாவதாகத் தரை எலக்ட்ரோடு தூண்டும் இடத்துக்கும் பதிவு செய்யும் இடத்துக்கும் நடுவில். பல கருவிகளில் இவை எல்லாம் ஒரே பட்டையாகச் சேர்ந்தே வருகின்றன. பட்டையை இழுத்துப் பிடித்து ஒட்டாதீர்கள், கை திரும்பும்போது ஓரம் கிளம்பிவிடும். கட்டைவிரல் அசையத் தேவையில்லை என்பதால் கைகளைச் சுற்றிக் கட்டும் ஆபரேஷன்களில் இஎம்ஜி பெரிய வரம்.

அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் கருவிகளில் கட்டைவிரலின் நுனியில் சிறிய உணரி ஒட்டப்படுகிறது. கட்டைவிரல் முழுச் சுதந்திரமாக அசைய வேண்டும். ஒரு மடிப்புத் துணி உரசினாலும் எண் கெட்டுவிடும். மற்ற விரல்களையும் முன்கையையும் பலகையில் டேப் போட்டு நிறுத்துங்கள். இந்த வகையில் இன்னொரு சங்கதி உண்டு. மருந்து போடுவதற்கு முன்பே விகிதம் 1.0-ஐத் தாண்டிக் காட்டும். ஒருவருக்குத் தொடக்கத்தில் 1.15 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். முடிவில் திரை 0.9 காட்டும்போது அவர் உண்மையில் மீண்டிருப்பது 0.9-ஐ 1.15-ஆல் வகுத்தால் வரும் 0.78 மட்டுமே. அவர் நிஜமான 0.9-ஐத் தொட வேண்டுமானால் திரையில் ஏறத்தாழ 1.04 வர வேண்டும். எனவே தொடக்க அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குறிக்கத் தவறிவிட்டால் 1.0 வரும் வரை காத்திருப்பது நல்லது.

இதற்காகத்தான் வரிசையும் முக்கியமாகிறது. நோயாளி விழித்திருக்கும்போதே எலக்ட்ரோடுகளை ஒட்டிவிடுங்கள், ஆனால் தூண்டாதீர்கள்; 50 மில்லி ஆம்பியர் வலிக்கும். மயக்கம் வந்ததும், தளர்வு மருந்து போடும் முன், கருவியை அளவு திருத்தி, நான்கு துடிப்பும் ஒரே உயரத்தில் வருவதைப் பாருங்கள். அரை நிமிடம்தான் ஆகும். இந்த அரை நிமிடத்தை விட்டுவிட்டால், பிறகு துடிப்பே வராதபோது அது மருந்தாலா எலக்ட்ரோடாலா என்று சொல்ல வழியே இல்லை.

எந்தக் கையைத் தேர்ந்தெடுப்பது? பிபி கஃப் கட்டாத கை. கஃப் இறுகும்போதெல்லாம் ரத்த ஓட்டம் தடைபட்டு, கை குளிர்ந்து, எண் குதிக்கும். பக்கவாதம் வந்தவரின் செயலிழந்த கையில் ஒருபோதும் ஒட்டாதீர்கள். அந்தப் பக்கத் தசைகளில் ஏற்பிகள் பெருகியிருப்பதால் அவை மருந்துக்கு மசியாது. உடம்பின் மற்ற பகுதி ஆழமாகத் தளர்ந்திருக்கும்போது அந்தக் கை மட்டும் நன்றாக மீண்டதுபோல் காட்டும். நெடுநாள் சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களிடம் பதிலே பலவீனமாக இருக்கலாம், தொடக்க அளவு அங்கே இரட்டிப்பு முக்கியம். கையின் தோல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். நீண்ட ஆபரேஷனில் வெளியே நீட்டிக் கிடக்கும் கை எளிதில் குளிர்ந்துவிடும். போர்த்தி வையுங்கள், கட்டைவிரலை மட்டும் விட்டுவிடுங்கள்.

எப்போது கழற்றுவது? டியூபை எடுக்கும் வரை கழற்றாதீர்கள். விகிதம் 0.4-ஐத் தாண்டிவிட்டால் தேய்வைக் கண்ணாலோ கையாலோ கண்டுபிடிக்க அனுபவசாலிகளாலும் முடியாது. நமக்கு வேண்டியது 0.9. அதற்குக் கீழே தொண்டைத் தசைகள் முழுதாக ஒத்துழைக்காது, விழுங்கும்போது புரையேறலாம், மூச்சுப்பாதை அடைபடலாம். தலையை ஐந்து விநாடி தூக்கிக் காட்டுகிறாரே என்று திருப்திப்படாதீர்கள், 0.6 அளவிலேயே பலரால் அதைச் செய்ய முடியும். 0.4-க்கும் 0.9-க்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைக் கருவியால் மட்டுமே பார்க்க முடியும், அதற்கு எலக்ட்ரோடு அதன் இடத்தில் இருக்க வேண்டும். ரெக்கவரி அறையில் ஒருவர் மூச்சுவிடத் திணறினால், விழித்திருப்பவரிடமும் 20 முதல் 30 மில்லி ஆம்பியரில் டிஓஎஃப் பார்க்கலாம்; நான்கும் ஒரே மின்னோட்டத்தில் வருவதால் விகிதம் ஏறத்தாழ சரியாகவே இருக்கும், பெரும்பாலானவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். முன்கூட்டியே "கட்டைவிரல் நான்கு முறை சுண்டும், பயப்பட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தூண்டுங்கள்.